கம்மாயைத் தூர் வாராம, கம்மாயையே மாத்துதானாம்!

வா மருமவனே, வா. செருப்பை அப்படி ஓரமாப் போட்டுட்டுத் திண்ணையில உக்காரு. பொங்கலுக்கும் வரல, கொடைக்கும் வரல. இன்னைக்குப் பையும் கையுமா வந்து நிக்குதியே, மாமனுக்குச் சாத்தூரு சேவு வாங்கியாந்திருப்பேன்னு எச்சி ஊறிப் பாத்தா, பைக்குள்ள இருந்து கண்ணாடிப் பலகையைல்லா எடுத்து நீட்டுத!

என்னது, டேப் ஓட மாட்டேங்குதா? வாங்கி ஆறு வருசம் ஆச்சா? தொட்டு அது முழிக்கதுக்குள்ள புள்ள தூங்கிப் போயிருதாளா? சரி, நியாயந்தான். அதனால அவளுக்குப் பன்னெண்டாயிரத்துல புதுசு ஒண்ணு வாங்கிட்டு, இதை உங்கத்தை கையில... ஏலே, மெல்லப் பேசுலே! அடுக்களையில பாத்திரச் சத்தம் நின்னு போச்சு, கவனிச்சியா? நீ சொல்லுத யோசனை தங்கமான யோசனை. அத்தை மேல உனக்கு உள்ள பாசம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் பன்னெண்டாயிரம் ரூவாயாச்சே, உன் காசுன்னாலும் எனக்கு வயிறு எரியுது. அதுக்காகத்தான் சொல்லுதேன், வேற எதுக்காகவும் இல்ல.

நம்ம பெரிய கம்மாயை எடுத்துக்கோ. பத்து வருசம் தூர் வாராமப் போட்டா, வானமே பொத்துக்கிட்டு ஊத்தினாலும் முழங்கால் தண்ணிதான் நிக்கும். அதுக்காவ எவனாச்சும் ‘இந்தக் கம்மாய் பழசாப் போச்சு, வேற கம்மாய் வெட்டுவோம்’னு மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புவானா? வரத்துக்கால்ல கருவேலம் மண்டியிருக்கா, மடை அடைச்சிருக்கான்னு பாப்பான். நீ படிச்சவன் பாரு, அதான் கம்மாயையே மாத்தப் பாக்குத.

எங்க, அந்த செட்டிங்ஸைத் தொற. ‘டேப்லெட் பத்தி’ன்னு ஒண்ணு இருக்கும், உள்ள போ. பாதுகாப்பு அப்டேட் தேதி என்ன போட்டிருக்கு, வாசி. அட நாசமாப் போறவனே, அது உன் புள்ளைக்குக் காது குத்துன வருசம்லா! கம்பெனிக்காரன் அதுக்கப்புறம் அனுப்பி வச்சதெல்லாம் வாசல்லயே நிக்குது பாரு. ‘இப்ப வேண்டாம், பொறவு பாக்கலாம்’னு நீ அமுக்கி அமுக்கித் தள்ளியிருக்க. கூட்டுறவுச் சங்கத்துக்காரன் கதவைத் தட்டும்போது கடன்காரன் சொல்லுத பதிலு அது. அவன் சொன்னா ஒரு அர்த்தம் இருக்கு, சும்மா குடுக்க வந்தவனுக்கு நீ ஏன்லே அதைச் சொன்ன?

சிரிக்காத. உனக்கு எப்படி மாமா இதெல்லாம் தெரியும்னுதானே கேக்க வார? கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் படிக்கிற என் பேத்தி லீவுக்கு வந்தா பழைய டேப் கதைகளா எடுத்து விடுவா. நாங்க உங்களுக்கு ராசா ராணி கதை சொன்னோம், அவ எங்களுக்கு ஆண்ட்ராய்டு கதை சொல்லுதா. காலம் அப்படி. அதுல நாலஞ்சு சொல்லுதேன். நீ அதுக்குள்ள சார்ஜரை எடுத்து அந்தச் சுவத்துல சொருகு.

2012 ஜூன் மாசம் கூகுளும் ஆசுஸும் சேந்து நெக்சஸ் 7னு ஏழு அங்குல டேப் ஒண்ணை அறிவிச்சாக. 8 ஜிபி உள்ளது 199 டாலர். அந்தக் காலத்துக்கு அது ஏழை வீட்டுக் கல்யாண விலை. ஆண்ட்ராய்டு 4.1 அதுலதான் மொதல்ல வந்து எறங்குச்சு. நொடிக்கு 60 படம் காட்டி, திரை வழுக்கிக்கிட்டு ஓடணும்னு அவுக செஞ்ச வேலைக்கு ‘ப்ராஜெக்ட் பட்டர்’னு பேரு. வெண்ணெய்! எவ்வளவு தன்னடக்கம் பாரு. வெண்ணெய் ஆரம்பத்துல நல்லாத்தான் வழுக்குச்சு. ஆளுக ஆப்பும் படமுமா உள்ள அடைக்க அடைக்க, வருசம் திரும்புததுக்குள்ள கட்டியாப் போச்சு. தொட்டுட்டு வெத்திலை போட்டுட்டு வந்தா அப்பத்தான் தொறக்கும்.

காரணம் என்னன்னு கேளு, விவசாயி வீட்டுப் புள்ளைக்குப் புரியும். நீ ஒரு படத்தை அழிச்சா அது அழிஞ்சு போச்சுன்னு நெனைக்குத. இல்ல. பேரேட்டுல பேரை மட்டும் அடிச்சிருக்கு, சரக்கு களத்துலயே கெடக்கு. அந்த ஃபிளாஷ் சில்லுல பழசு மேல புதுசை அப்படியே எழுத முடியாது. ஒரு பாத்தி முழுசையும் துடைச்சிட்டுத்தான் எழுதணும். எந்தச் சரக்கு வேண்டாததுன்னு சில்லுக்கு யாரும் சொல்லல்லன்னா, அது சண்டுச் சருகையும் நெல்லுன்னு நெனைச்சுப் பத்திரமா அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கி வச்சுக்கிட்டே கெடக்கும். கதிரு வண்டி வாசல்ல வந்து நிக்கும்போதுதான் களத்தைக் கூட்ட ஆரம்பிப்பான் பாரு நம்ம சோம்பேறி ஒருத்தன், அந்தக் கதை.

2013 ஜூலையில ஆண்ட்ராய்டு 4.3 வந்துச்சு. அதுல ‘ட்ரிம்’னு ஒரு வேலைக்காரனைச் சேத்து அனுப்பினாக. டேப் சும்மா கெடக்கும்போது, சார்ஜும் போதுமானதா இருந்தா, நாளைக்கு ஒரு தடவை அவன் எந்திரிச்சு வந்து, ‘இந்தப் பாத்தி வேண்டாம், அந்தப் பாத்தி வேண்டாம்’னு சில்லுக்கு அடையாளம் காட்டிட்டுப் போவான். காலையில வண்டி வரும்போது களம் சுத்தமாக் கெடக்கும். அதே சில்லு, அதே 1 ஜிபி ராம், பத்து பைசா செலவில்ல. ஆமையாக் கெடந்த டேப் திரும்பவும் ஓட ஆரம்பிச்சுது. அப்ப டேப் கெழடு தட்டியா மெதுவாப் போச்சு? களம் கூட்ட ஆளு இல்லாமப் போச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு மருமவனே. உங்கத்தை என்னைப் பாத்துக் கெழடுங்கா, நானும் இதைத்தான் சொல்லுதேன்.

அதுக்கு முந்துன கதை ஒண்ணு, 2011 நவம்பர்ல அமேசான் கிண்டில் ஃபயருன்னு எறக்குச்சு. அதுவும் 199 டாலர்தான். தொறந்த உடனே, கடைசியா நீ என்னென்ன பாத்தியோ அத்தனையையும் ராட்டினம் மாதிரி முன்னால சுத்திக் காட்டும். வீட்டுல நாலு பேரு பொழங்குத சாமான் அது. நேத்து ராத்திரி நீ என்ன பாத்தன்னு காலையில உன் பொண்டாட்டிக்குக் காட்டிக் குடுத்துரும். ஊருல சண்டை மூட்ட ஆளே வேண்டாம். ஜனங்க புலம்பினாக. அடுத்த மாசமே, டிசம்பர்ல ஒரு அப்டேட் வந்துச்சு. வேண்டாததை ராட்டினத்துல இருந்து எடுத்துரலாம்னு ஆச்சு, விரல் தொட்டதும் முன்னைவிடச் சட்டுன்னு கேக்கவும் ஆரம்பிச்சுது. அதாவது அப்டேட்னா வேகம் மட்டும் இல்லலே. அவசர அவசரமாச் சந்தைக்கு ஓட்டியாந்த மாட்டுக்குப் பொறவு லாடம் கட்டுததும் அப்டேட்தான். கொறஞ்ச விலை டேப்புல பாதி இப்படித்தான், வேலை முடியாமலே கடைக்கு வந்துருது. மிச்ச வேலையை அப்டேட்ல முடிக்கான். நீ அதை வாங்கிக்காம, ‘மாடு நொண்டுது’ன்னு என்கிட்ட வந்து அழுத.

இன்னொண்ணு கேளு. அதே 2013 கடைசியில ஆண்ட்ராய்டு 4.4 வந்துச்சு. அதுக்கு மிட்டாய்ப் பேரு, கிட்கேட். கொஞ்ச காலம் எல்லாத்துக்குமே மிட்டாய்ப் பேருதான் வச்சாக, 2019லதான் புத்தி வந்து வெறும் நம்பர் போட்டாக. அந்தக் கிட்கேட்டை 512 எம்பி ராம் உள்ள ஏழைச் சாமான்லயும் ஓட்டணும்னு உக்காந்து யோசிச்சாக. ‘இசட்ராம்’னு ஒரு வித்தை. நம்ம ஊருல பருத்தியை எப்படி லாரியில ஏத்துதான்? அப்படியே அள்ளிப் போட்டா கொஞ்சத்துலயே லாரி ரொம்பிரும். ஜின்னிங் மில்லுல போட்டு அமுக்கி, பேல் கட்டி ஏத்துனா மலை மாதிரிச் சரக்கு போவும். அதே மாதிரி, இப்ப கைக்கு வேண்டாத விசயத்தை ராமுக்குள்ளயே அமுக்கிக் கட்டி ஓரமா வச்சுக்கிடும். வேணும்கும்போது பிரிச்சுக்கிடும். லாரி வளரல, கட்டுன கட்டுலதான் சூட்சுமம். அமுக்கவும் பிரிக்கவும் சில்லுக்குக் கொஞ்சம் கூலி ஆவும், அது வேற.

இப்ப உடனே ‘அப்ப எல்லா அப்டேட்டும் நல்லதுதானே மாமா’ன்னு வாயைத் தொறக்காத. நான் சொல்லி முடிக்கல்ல.

2014 நவம்பர்ல 5.0 வந்துச்சு, லாலிபாப். பேரைக் கேட்டதும் நம்ம நெக்சஸ் 7காரன் வாயைப் பொளந்துக்கிட்டு வாங்கிப் போட்டான். போட்டவன் பலபேரு தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தான். களம் கூட்டி நல்லா ஓடிக்கிட்டு இருந்தது திரும்பவும் தவழ ஆரம்பிச்சுட்டு. அடுத்த மார்ச்சுல 5.1 வந்துச்சு, அதோட 5.1.1 வரைக்கும் குடுத்து அந்தப் பழைய டேப்புக்குக் கடையைச் சாத்திட்டாக. ஒரே டேப்பைத் தூக்கி விட்டதும் அப்டேட்தான், படுக்க வச்சதும் அப்டேட்தான். தெரிஞ்சுக்கோ.

அந்த லாலிபாப்புல ‘ஆர்ட்’னு ஒண்ணு எல்லாத்துக்கும் நிலையா வந்துச்சு. அதுக்கு முன்னால, ஆப்பைத் தொறக்கும்போதுதான் மாவு அரைப்பாக. இட்டிலி கேட்டா அப்பத்தான் ஆட்டுக்கல்லைக் கழுவுத கதை. ஆர்ட்டு வந்து, ஆப்பை உள்ள எறக்கும்போதே மாவை அரைச்சு வச்சிருச்சு. கேட்டதும் இட்டிலி. நல்லதுதானே? ஆனா அரைச்ச மாவை வைக்க அண்டா வேணும்லா. 8 ஜிபி வீட்டுல அத்தனை ஆப்புக்கும் மாவை அரைச்சு அண்டா அண்டாவா வச்சா, வீட்டுக்காரன் வெளியிலதான் படுக்கணும். 2016ல வந்த 7.0லதான், நீ அடிக்கடி கேக்குத பண்டத்துக்கு மட்டும் முன்கூட்டி அரைச்சுக்கோ, மத்ததை அப்பப்பப் பாத்துக்கோன்னு புத்தியா மாத்துனாக. நம்ம வீட்டுல இதை உங்கத்தை கல்யாணமான மறுநாள்ல இருந்து செய்யுதா. அவளைக் கேட்டிருந்தா ரெண்டு வருசம் மிச்சமாயிருக்கும்.

ஆப்பிள்காரன் கதை வேணுமா? அவன் சாமான் நம்ம பட்ஜெட்டுக்குள்ள வராது, ஆனா பாடம் வரும். 2018 செப்டம்பர்ல ஐஓஎஸ் 12 விட்டான். புதுசு புதுசா அலங்காரம் பண்ணாம, பழைய சாமானை ஓட வைக்கணும்னே செஞ்சது அது. 2013ல வந்த ஐபேட் மினி 2க்கும் குடுத்தான். என்ன பண்ணினான்னா, வேலை வந்ததும் சில்லைச் சட்டுன்னு முழு வேகத்துக்கு ஏத்தி, வேலை முடிஞ்சதும் சட்டுன்னு எறக்கிட்டான். மேடு வரும்போது மாட்டைச் சுண்டி விட்டு, மேடு ஏறுனதும் கயித்தைத் தளர விடுதவன்தான் நல்ல வண்டிக்காரன். மேடு முடிஞ்ச பொறவும் அடிச்சுக்கிட்டே போறவன் மாட்டைக் கொல்லுவான், அதாவது பேட்டரியை. ஆப் தொறக்குத வேகம் 40 சதம் வரைக்கும் கூடும்னு சொன்னான், அளந்து பாத்தது ஐபோன் 6 பிளஸ்ல. இந்த ‘வரைக்கும்’ங்குத வார்த்தை இருக்கு பாரு, அது மாட்டுத் தரகன் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுச் சொல்லுத வார்த்தை. எந்த விரல்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

அப்டேட்டால ஆவாதது என்னன்னும் தெரிஞ்சுக்கோ, பொறவு மாமன் ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லப்படாது. 2011ல டெல்லியில ஆகாஷ்னு ஒரு டேப்பை விட்டாக, நெனைப்பிருக்கா? உலகத்துலயே மலிவுன்னு ஊரே பேசுச்சு. 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்பி ராம், அழுத்துனாத்தான் கேக்குத திரை. காளை மாட்டை மூக்கணாங்கயித்தைப் புடிச்சு இழுக்க மாதிரி இழுக்கணும். அடுத்த வருசம் ஆகாஷ் 2ன்னு வந்தப்ப 1 கிகாஹெர்ட்ஸ் சில்லும் 512 எம்பி ராமும் தொட்டாலே கேக்குத திரையும் வச்சுத்தான் கொண்டாந்தாக. அங்க தேவைப்பட்டது வேற மாடு, லாடம் இல்ல. ராம் வளராது, உப்பிப் போன பேட்டரி வத்தாது, உன் மவ கீழ போட்டு ஒடைச்ச கண்ணாடி ஒட்டாது. தூர் வாருனா மறைஞ்சு போன ஆழம் திரும்பக் கெடைக்கும். வெட்டாத ஆழம் எங்க இருந்துலே கெடைக்கும்?

உன் டேப் எந்தச் சாதின்னு பாத்தேன். பேட்டரி ஒரு பொழுது நிக்குது, கண்ணாடி நல்லாருக்கு, ராம் 2 ஜிபி. இது தூர் வாருத கேசுதான். ஆனா மருந்துன்னா பத்தியம் உண்டு, கேளு.

மொத பத்தியம், புள்ள படத்தையும் பாடத்தையும் வேற எடத்துல எடுத்து வை. கல்யாண வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பெட்டி படுக்கையை வெளிய எடுத்து வைக்கோம்லா. ரெண்டாவது, உள்ள எடம் ஒழிச்சுக் குடு. இது என்னலே, ‘குட் மார்னிங்’ படமே ஆயிரத்துக்கு மேல கெடக்கு? ஒவ்வொண்ணுலயும் ரோசாப்பூவு. உனக்குக் காலை வணக்கம் சொன்னவன் அத்தனை பேரும் சேந்துதான் உன் டேப்பை அமுக்கிக்கிட்டு நிக்கான். தள்ளு எல்லாத்தையும். மூணாவது, வைஃபை நல்லா இருக்கணும், சார்ஜர் சொருகியிருக்கணும், பாதியில புடுங்கப்படாது. பிரசவம் நடக்கும்போது மருத்துவச்சியை வெளிய வான்னு சொல்லுதவன் எவனாச்சும் உண்டா? நாலாவது, நாளைக்குப் பரீட்சைன்னா இன்னைக்குப் போடாத. அஞ்சாவது, பெரிய பதிப்பு ஏதும் வந்தா முந்திரிக்கொட்டை மாதிரி மொத நாளே பாயாத. அதே டேப் வச்சிருக்க நாலு பேரு போட்டு, உசுரோட இருக்கானான்னு பாத்துட்டுப் போடு. லாலிபாப்புக்கு வாயைப் பொளந்தவன் கதையைச் சொன்னேன்லா. ஆனா நடுநடுவுல வாரது பாதுகாப்புச் சமாச்சாரம், அதைத் தள்ளிப் போடாத. 2015ல வீடியோ மெசேஜ் ஒண்ணை அனுப்பியே போனுக்குள்ள நுழையலாம்னு ‘ஸ்டேஜ்ஃபிரைட்’னு ஒரு ஓட்டையைக் கண்டுபுடிச்சாக. அதுக்கப்புறந்தான் கூகுள் மாசாமாசம் ஓட்டை அடைக்க ஆரம்பிச்சுது. அது வீட்டுக் கூரை வேயுத வேலை, மழைக்கு முன்னால பாக்கணும். எல்லாம் எடுத்து வச்சு, ஒழிச்சுட்டியா? அப்ப வாசல்ல நிக்குத அந்த அப்டேட்டை அமுக்கி உள்ள விடு.

கம்பெனிக்காரன் கையை விரிச்ச பொறவும் ஒரு வாசல் உண்டு. பிளே ஸ்டோர்ல போயி குரோமையும், ‘வெப்வியூ’ன்னு ஒண்ணு இருக்கும், அதையும் புதுப்பிச்சுக்கோ. லாலிபாப்புல இருந்து அந்த வெப்வியூவைத் தனியாவே புதுப்பிக்க வழி வச்சுட்டாக. நெறைய ஆப்பு அந்தக் கண்ணாடி வழியாத்தான் வலைப்பக்கத்தைக் காட்டுது. வீட்டை இடிச்சுக் கட்ட முடியல்லன்னா சன்னலையாவது துடைச்சு வை. அதுக்கும் அப்பால லினேஜ் ஓஎஸ்னு ஒண்ணு இருக்கு, ஆர்வம் உள்ளவுக தாமாச் சேந்து பழைய சாமானுக்குப் புது ஆண்ட்ராய்டு செஞ்சு குடுக்காக. அது நாட்டு வைத்தியம். கைராசி உள்ளவன் போட்டா எந்திரிச்சு நடக்கும். உன்னை மாதிரி ஆளு போட்டா அம்மிக்கல்லுக்குப் பதிலா வச்சுக்கலாம், பேங்கு ஆப்பும் சில சமயம் மொறைச்சுக்கிடும்.

இந்தா, இது என்ன ‘ஸ்பீடு பூஸ்டர்’, ‘ராம் கிளீனர்’? மூணு வச்சிருக்க! அடேய், அது ஓடுத ஆப்பை அடிச்சு வெரட்டும், அது பின்வாசல் வழியாத் திரும்பி வரும், இது திரும்ப வெரட்டும். இந்த ஓட்டப் பந்தயத்துல தீருதது உன் சார்ஜு. நடுவுல விளம்பரம் வேற. வீட்டைக் கூட்ட வந்தவன் திண்ணையில கடை போட்டிருக்கான், நீ சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்க. தூக்கிப் போடு மூணையும். இன்னொண்ணு, வலையில ஏதாச்சும் பாத்துக்கிட்டு இருக்கும்போது ‘உங்க டேப்ல வைரஸ், ஒடனே அப்டேட் பண்ணுங்க’ன்னு செவப்பாக் குதிக்கும். தொடாத. அப்டேட் செட்டிங்ஸ் வாசல் வழியாத்தான் வரும். சொவரேறிக் குதிக்கிறவன் மாப்பிள்ளை வீட்டு ஆளா இருக்க மாட்டான்.

எங்க, எத்தனை சதம் வந்திருக்கு? நூறா? நானும் பேச்சுவாக்குல ஒரு மணி நேரத்தை ஓட்டிட்டேன். அணைஞ்சு எரியும், பதறாத. மொத ரெண்டு நாளு கொஞ்சம் முக்கும் மொனங்கும், உள்ள மாவு அரைக்குதுன்னு நெனைச்சுக்கோ. புது வீட்டுக்குக் குடி போனா கரண்டி எங்க இருக்குன்னு தேடுதோம்லா. அதுக்கப்புறமும் தவழ்ந்தா, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஆரம்பிக்க ‘ஃபேக்டரி ரீசெட்’ இருக்கு. ஆனா அதுக்கு வேலை வராது போல. தொடு பாப்போம். அந்தா! பாரு, பாரு! பாடம் தொறந்துட்டு. வெத்திலை போட நேரம் தரலயே! பன்னெண்டாயிரம் மிச்சம். இதை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயி புள்ள கையில குடு. அத்தை, கித்தைன்னு எதுவும் யோசிக்காத. அவளுக்கு எதுக்குலே டேப்? வந்தா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சீரியல் ஓடும். பொறவு எனக்குப் பத்து மணிக் காப்பி...

ஏளா, நீ எப்ப வந்து நிலையில நின்ன?

என்னது, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா? வெண்ணெயில இருந்தா? சரி. என்ன சொல்லுத? ‘இம்புட்டு நல்லா ஓடுதுன்னா எனக்கு இதே போதும் மருமவனே, பச்சப்புள்ளைக்குப் புதுசு வாங்கிக் குடு’வா? மருமவனே, நீ ஏன்லே தலையை ஆட்டுத? யாருகிட்ட அதை நீட்டுத?

போச்சு. பழசைப் புதுசாக்கலாம்னு உனக்கு நான் சொன்னேன். புதுசாயிட்டா அதைக் கேக்க ஒரு ஆளு வரும்னு எனக்கு எந்தப் பேத்தியும் சொல்லல்லயே. எந்திரி, எந்திரி. அடுக்களையில பால் இருக்கு, தூள் மேல் தட்டுல இருக்கும். உனக்கும் எனக்கும் நீயே போட்டுக் கொண்டா. சீனியைக் கொறைச்சுப் போடு.